மலைமேல் கத்திய ஜெபம்

போன அக்டோபரில் என் மனைவி எஸ்தர் அயர்லாந்தில் ஒரு மலைமேல் சாகக் கிடந்தாள். எனக்கு அழகாகச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன், கருங்குழி சபையாரே.

அவள் அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் அதே இடத்தில் சமையல் வேலை. விடுமுறை நாளில் மலை பார்க்கப் போனோம். ஸ்லைகோ, லீட்ரிம் என்ற இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது. மேலே தட்டை. ஓரமெல்லாம் செங்குத்துப் பாறை, அதிலிருந்து பிளந்து தனித்தனியாக நிற்கும் கல்தூண்கள். திருக்கழுக்குன்றம் மாதிரி படி இருக்கும் என்று நினைத்துப் போனோம். படி இல்லை. வெறும் புல்லும் சேறும். வந்தது வந்தோம் என்று ஏறினோம்.

உச்சியில் மூடுபனி இறங்கி எதிரே இருப்பது தெரியாமல் மறைத்தது. எஸ்தர் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. போனில் சிக்னல் இல்லை. மழை பிடித்தது. அவள் உதடு நீலமானது.

"நீ போய் யாரையாவது இட்டுகினு வா" என்றாள்.

"எந்தப் பக்கம் பள்ளம்னே தெர்ல. உன்ன வுட்டுட்டு போவமாட்டேன். சும்மா கெட."

"அப்ப ஜெபம் பண்ணு. வாய்க்குள்ள முணுமுணுக்காத. நம்மூர்ல பண்றா மாதிரி பண்ணு."

அயர்லாந்து வீட்டில் சத்தமாக ஜெபித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். வாயை மூடியே பழகிவிட்டோம். அன்று கை தட்டிக் கத்தினேன். கர்த்தர்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

"இவள இங்க சாவடிக்கவா இம்மாந்தூரம் இட்டாந்த? எனக்கு பதில் சொல்லு."

தொண்டை கட்டியது. நிறுத்தினேன். "இன்னாத்துக்கு நிறுத்துற?" என்று எஸ்தர் திட்டினாள். மறுபடி கத்தினேன்.

பனிக்குள் நாய் குரைத்தது. பின்னாலேயே ஒரு பெரியவர் வந்தார். ஆடு தேடி வந்தவர். யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து, சத்தம் வந்த பக்கம் வந்திருக்கிறார்.

"யாரோடு சண்டை?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"கடவுளோடு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் கைத்தடியை நீட்டி ஊன்றிப் பார்த்தார். தடி தரையைத் தொடவில்லை. நான் இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் இந்தச் சாட்சியே இல்லை.

அவர் தன் கோட்டை எஸ்தர்மேல் போர்த்திவிட்டு இறங்கிப்போய், மீட்புக்குழுவை அழைத்து வந்தார். தூக்குப்படுக்கையில் அவளை இறக்கினார்கள். இப்போது நடக்கிறாள். கர்த்தருக்கு நன்றி சொல்லாமல் நாங்கள் படுப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் கஷ்டம் இருக்கும். கர்த்தரிடம் நாசூக்கு பார்க்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள். பதில் வருகிறவரை முழங்காலிலிருந்து எழாதீர்கள்.