கல்பனா பின்னிய ஜேசிபி

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் வயர்க் கூடை பின்னத் தெரியாத பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் பக்கத்து வீட்டுக் கல்பனா கூடை பின்னுகிறாள் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவளுக்குக் கூடையில் படம் வர வேண்டும். சேற்று வயலில் நிற்கும் கொக்கு, டீசல் கேனைக் கட்டிக்கொண்டு போகும் டிவிஎஸ் வண்டி, இப்போது ஏரியில் தூர் வாருகிற ஜேசிபி. ஒரு முடிச்சு தப்பினால் கொக்குக்கு மூன்று கால் வந்துவிடும். முழுசாகப் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

இதற்கெல்லாம் நேரம்? அதுதான் இல்லை. விடிந்தால் சோறு, குழம்பு, தண்ணீர். அப்புறம் நடவோ களையெடுப்போ. சாயங்காலம் வந்தால் மறுபடி அடுப்பு. தினம் ஒரு மணி நேரம் எனக்கு விடுங்கள் என்று புருஷன் எல்லப்பனிடமும் மாமியார் சிட்டம்மாளிடமும் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

“வேலை தலைக்கு மேல கெடக்குது. இதுக்கு டயம் எங்க கீது?” என்பாள் சிட்டம்மாள்.

எல்லப்பன் பேச்சை வளர்க்க மாட்டான். டிவியைச் சத்தமாக வைப்பான். நேரமே இல்லாத வீட்டில் சீரியலுக்கு மட்டும் நேரம் எப்படி வந்தது என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். ரெண்டு பேரும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

போன மாசம் மேலத்தெரு ராணியம்மாள் வந்தாள். மகள் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கச் சின்னக் கூடைகள் வேண்டுமாம். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ரோஸ் கலர், படம் கிடம் எதுவும் வேண்டாம். கல்பனா அப்போது நடவில் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் சிட்டம்மாளே விலை பேசிச் சரி சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கல்பனா சேற்றுக் காலோடு வந்து பார்க்கிறாள், குடமெல்லாம் நிரம்பியிருக்கிறது. எல்லப்பன் பிடித்து வைத்தது. சோறு வடித்துக் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள் சிட்டம்மாள். நடுவீட்டில் கட்டுக் கட்டாக ரோஸ் வயர்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு, “நீ குந்திக்கினு பின்னு. வூட்டு வேலைய நாங்க பாத்துக்கறோம்” என்றாள் மாமியார்.

“இத்தினி வருசமா கெஞ்சினேன்க்கா. இல்லாத டயம், ரோஸ் வயரு வந்ததும் எங்கிருந்து வந்திச்சி?” என்று பிற்பாடு என்னிடம் கேட்டாள் கல்பனா. கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஆனால் அங்கே அவள் சத்தம் போடவில்லை. கைகால் கழுவினாள். வயிறாரச் சாப்பிட்டாள். போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் வந்தாள். பிறகு லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள். மாமியார் பாத்திரம் தேய்க்கிறாள், எல்லப்பன் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறான், யாரும் இவளைக் கூப்பிடவில்லை. கறிவேப்பிலை கேட்கப் போன நான் கேட்க மறந்து நின்றேன். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை.

பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த சிட்டம்மாள் குனிந்து பார்த்தாள். “இன்னாமே இது, மஞ்சளா கீது? அவங்க ரோஸ்தான கேட்டாங்க?”

“இது அவங்களுது இல்ல அத்த. என்னோட ஜேசிபி. ராணியம்மாவுக்குப் போன் பண்ணி, என்னால ஆவாதுன்னு சொல்லிட்டேன். அந்த வயரைக் கடையில திருப்பிக் குடுத்துடுங்க.”

சிட்டம்மாள் ரோஸ் வயர்க் கட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லப்பன்தான் எழுந்து வந்தான். “அப்ப நாளைக்கு ராவுக்கு யாரு சோறாக்கறது?”

கல்பனா அடுத்த முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

“இன்னிக்கி ஆக்கினவங்கதான். இந்த வூட்ல டயம் கீதுன்னு இன்னிக்கி என் கண்ணால பாத்துட்டேன். இனிமே கேக்க மாட்டேன். எடுத்துக்குவேன்.”