திருவூடல் தெருவில் ஒரு கையெழுத்து

இன்று திருவூடல் திருவிழா. அண்ணாமலையாரோடு சண்டை போட்ட அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, சாமி வெளியே நின்றார். கூட்டத்துக்கு ஒரே குஷி.

எனக்குப் பக்கத்தில் எங்கள் தெரு ஏகாம்பரம் அண்ணனும் அவர் மனைவி விஜயா அக்காவும்.

"அம்மா தாயே, லேசுல தொறந்துடாத!" என்று அண்ணன் கத்தினார்.

என் பையில் செல்வியை விடுவிக்கக் கேட்கும் மனு இருந்தது. புருஷன் அடி தாங்காமல் மூன்று முறை எங்கள் தெருவிலிருக்கும் அம்மா வீட்டுக்கு ஓடிவந்தவள் செல்வி. மூன்று முறையும் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பியவர் இதே அண்ணன்தான். கடைசியில் புருஷன் அவள் கழுத்தை நெரித்தபோது, கைக்குக் கிடைத்த குழவிக்கல்லால் அடித்தாள். அவன் செத்துப்போனான். அவள் வேலூர் ஜெயிலில், ஆயுள் தண்டனையில்.

"அண்ணே, இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

"அவ கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்மா."

"அம்மன் பொறுத்துப் போகலையே அண்ணே?"

"குடும்பம்னா வேற. சாமிய எதுக்கு இதுல இழுக்கற?"

விஜயா அக்கா பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். "அவள அனுப்பாதீங்கன்னு அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினேன்," என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

நாளைக்கு மறுவூடல், சாமிக்குக் கதவு திறந்துவிடும். ஏகாம்பரம் அண்ணனுக்குத் திறந்ததா? நான் இன்னும் கோயில் பக்கம்தான் இருக்கிறேன், எங்கள் தெருக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

சமாதானம் பேச மட்டும் யாரும் போய்விடாதீர்கள்.