மாசம் இல்லை, நட்சத்திரம்

வெயில் இறங்கி, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துத் தகரக் கூரை குளிரத் தொடங்கும்போது அது தானாகவே ‘டக், டக்’ என்று சத்தம் போடும். அது கேட்டதும் அக்காவும் நானும் வாசலுக்கு ஓடி, ரப்பர் மரங்களுக்கு மேலே முதலில் அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது யார் என்று போட்டி போடுவோம். நீலம் கலந்த வெள்ளையில், கற்பூரம் போல எரியும். ஜெயிப்பது எப்போதும் அக்காதான். “அது என்னோடது, நீ கை நீட்டாத” என்பாள். அவள் பிறந்த நட்சத்திரம் அது, சித்திரை. அதனால்தான் அவளுக்குச் சித்ரா என்று பெயர்.

உண்மையில் அது ஒன்றல்ல, ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு கொதிக்கிற இரண்டு நட்சத்திரங்கள், நம் கண்ணுக்குத்தான் ஒன்றாகத் தெரிகிறது என்று பிற்காலத்தில் படித்தேன். படித்ததும் அழுகை வந்தது. ஒரே பாயில் படுத்து, ஒரே ‘மங்கு’த் தட்டில் தின்ற எங்களையும் அப்படியே விட்டுவைத்திருக்கலாம்.

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த அப்பா மஞ்சள்காமாலையில் படுத்து, பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் பார்க்க பாகான் டத்தோவிலிருந்து அவருடைய மூத்த அக்கா, எங்கள் அத்தை, வந்தார். தண்ணீர்ப் ‘பைப்படி’யில் யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள்: “மூத்தது சித்திரையில பொறந்ததாச்சே, அப்பனுக்கு ஆகாதுலா.” சித்திரை மாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் எங்கள் சனங்களுக்கு அப்படியொரு பயம். ஆனால் அக்கா பிறந்ததோ ஐப்பசியில், தீபாவளியன்று காலையில். லயமே முறுக்கைக் கடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்த பிள்ளை அவள்.

“தீபாவளிக்குப் பொறந்த புள்ள அண்ணி! அது மாசம் இல்ல, நச்சத்திரம்” என்று அம்மா கத்தினாள்.

“மாசமோ நச்சத்திரமோ, சித்திரை சித்திரைதான்லா. எந்தம்பி பொழைக்கணும்” என்றார் அத்தை.

அப்பா பிழைக்க வேண்டும் என்ற பேச்சுக்கு எதிராக அம்மா என்ன சொல்லமுடியும்? பிள்ளையில்லாத அத்தை அக்காவைத் தன்னோடு கூட்டிப்போனார். அப்பா வீடு திரும்பியதும் வந்துவிடுவதாக என்னிடம் சொல்லித்தான் அக்கா பஸ் ஏறினாள். அப்பா திரும்பவேயில்லை. சாவுக்கு வந்தவர்கள், “புள்ளையக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பியிருக்கணும்” என்றார்கள். அந்த வாய்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மாவின் ஒற்றைச் சம்பளத்தில் அக்காவைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. அவள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகிப்போனாள்.

லயம் இருந்த இடத்தில் இன்று வரிசை வீடுகள். தெருவிளக்கு வெளிச்சத்தில் வானமே சாம்பலாகக் கிடக்கிறது. அத்தையும் இல்லை, அம்மாவும் இல்லை. சென்ற மாதம் அக்கா நான் இருக்கும் ஈப்போவுக்கு வந்தபோது கோயிலுக்கு அழைத்துப்போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் “சித்ரா” என்று சொல்லி நட்சத்திரத்தைச் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டு, “சுவாதி நச்சத்திரம்” என்றாள்.

நான் திகைத்துப் பார்த்தேன். “அங்க போன ஒடனே அத்தை மாத்திட்டாங்கலா,” என்றாள் அக்கா, சாதாரணமாக. “எம் புருசனுக்கே தெரியாது. நீ வாயத் தொறக்காத.”

ஐயர் சுவாதி என்று சொல்லி அர்ச்சனையை முடித்தார். நான் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.