கோச் வீட்டுப் புல்வெளியில் ஒரு பலகை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் கடுகு சாஸ் பாட்டிலைக் கெச்சப்புக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தார் டெல்பர்ட் யான்சி. உப்புக் குப்பி முன்வரிசையில் நின்றது. எதிரே அவர் மனைவி நோரீனின் மக்காச்சோளம் உப்பில்லாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"டெல்பர்ட், உப்பை இப்படித் தள்ளு."

"கொஞ்சம் பொறு. அதை எடுத்தா இடது பக்கம் ஓட்டையாயிடும்."

படிக்கும்போது கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் அந்த உப்பின் இடத்தில்தான் அவர் நின்றார். எதிராளியை முட்டித் தள்ளி, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனுக்கு வழிவிடும் வேலை. படிப்பு முடியும்வரை ஆடியும் பந்தை அவர் தொட்டதே இல்லை. மூட்டு தேய்ந்ததும் கோச் ஆனார். கல்லூரி கல்லூரியாக மாறி இப்போது ஒக்லஹோமாவில் வந்து நிற்கிறார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. சர்ச்சுக்கும் அதோடுதான் வருவார். "பாதிரியார் தப்பாப் பேசினா ஊதப் போறியா?" என்று கேட்டுக் கேட்டு நோரீனுக்கு வாய் வலித்துவிட்டது.

இந்த ஊரில் தோற்ற கோச்சை நேரில் யாரும் திட்டுவதில்லை. ஞாயிறு விடிவதற்குள் அவர் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகையை நட்டுவிடுவார்கள். நட்டவர்களே சர்ச்சில் கைகுலுக்கி, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் கோச்" என்பார்கள். இன்றும் ஒன்று நின்றது. வரும் சனிக்கிழமையும் தோற்றால் வேலை இல்லை என்று கல்லூரித் தலைவர் சொல்லியே விட்டார்.

நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஊரிலெல்லாம் அவள் பீச் மரம் வைத்தாள். பழம் தின்றது பின்னால் குடிவந்தவர்கள். இங்கே வைத்த கன்று போன வாரக் காற்றில் சாய்ந்து கிடந்தது.

"நான் வெச்ச மரத்துல ஒரு பழம் தின்னுருக்கேனா? அந்தக் கன்ன நிமித்திக் கட்டுன்னு நாலு நாளா கத்துறேன். உனக்குக் கடுகு பாட்டில்தான் பெருசு."

"சனிக்கிழமை முடியட்டும்."

"அதுக்கப்புறம் பெட்டி கட்டத்தான் நேரமிருக்கும்."

அவர் உப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். எங்கேயோ போகட்டும் என்று அவள் சோளத்தைக் கடித்தாள். மனசு கேட்காமல் சன்னல் வழியே பார்த்தாள்.

பலகையைப் பிடுங்கினார். அட்டையைக் கழற்றிப் புல்லில் எறிந்தார். மிஞ்சிய கம்பைப் பீச் கன்றுக்குப் பக்கத்தில் ஊன்றி, கயிறு தேடிச் சட்டைப் பைகளைத் துழாவினார். கிடைக்கவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, அதன் கயிற்றால் கன்றைக் கம்போடு சேர்த்துக் கட்டினார்.