முன்னால் தடை எதுவும் இல்லை

என் காரின் முன்கண்ணாடியில் இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் லாரியிலிருந்து கல் தெறித்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அது என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பிளேடால் போட்டது.

பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் வண்டி ஓட்டிவிட்டு அவன் ஊரோடு வந்து சேர்ந்தான். தைலம், சோப்பு, சாக்லேட் எல்லாம் அவன் அக்காவுக்கு. எனக்கு மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. காரில் ஒட்டிவைத்தால் வழி சொல்லுமாம். அங்கே முதலாளி புது வண்டி வாங்கியபோது பழைய வண்டியிலிருந்து கழற்றி இவனுக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வேண்டாத சாமான் எனக்குச் சீதனமாக வந்தது.

“போன்லயே மேப் இருக்கே மாப்ள. பால்காரரே அதப் பாத்துத்தான் புது வீட்டுக்குப் பால் ஊத்தப் போறாரு” என்றேன்.

“அது நெட்டு இருந்தாத்தான் மச்சான். இது வேற. முன்னால எங்கிட்டு வண்டி நிக்கிது, எந்த ரோட்ட அடைச்சிருக்கான், எல்லாச் சேதியும் ரேடியோ மாதிரி காத்துல வரும். இந்த ஒயர்தான் அதப் புடிக்கும்” என்று ஒரு கை நீளத்துக்கு மெல்லிய கறுப்பு ஒயரை இழுத்துக் காட்டினான். அதன் இரண்டு முனையிலும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ரப்பர் குமிழ்கள். பெட்டியின் திரையில் ஓரமாக ஒரு புள்ளி. சேதி கிடைத்தால் அது பச்சையாகும், கிடைக்காவிட்டால் சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

புதுக்கோட்டையில் அது சாம்பல் நிறத்தில் கிடந்தது.

வேறொருவன் என்றால் அத்தோடு விட்டிருப்பான். என் மச்சினன் கூட வந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தான். ஒயரைக் கண்ணாடியின் ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒட்ட வேண்டும், சார்ஜர் ஒயர் பக்கத்தில் வரக் கூடாது, அருகில் இரும்பு, பித்தளை இருக்கக் கூடாது. எல்லாம் செய்தான். புள்ளி அசையவில்லை. வெயிலுக்காக நான் ஒட்டியிருந்த கறுப்புத் தாளில் உலோகம் கலந்திருக்கிறது, அதுதான் மறைக்கிறது என்றான். மறுநாள் நான் ஆபீஸ் போன நேரத்தில் பாதியைச் சுரண்டியிருந்தான். கீறல் வந்த கதை அதுதான்.

பிறகு அவன் கண் டேஷ்போர்டில் இருந்த பித்தளைப் பிள்ளையார் மீது விழுந்தது. அவரைத் தூக்கி டேஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கிற உள்ளறையில் போட்டு மூடினான். என் மனைவி தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“ஏன்டா, விக்கினம் தீக்கிற சாமிய இருட்டுல போட்டுட்டு, வழி தெரியாத பெட்டிக்கு முன்சீட்டா?”

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்றான் தம்பி. அக்காவைச் சொன்னானா, என்னைச் சொன்னானா என்று நான் விசாரிக்கவில்லை.

கடைசியில் கீழராஜவீதிப் பக்கம் டிவி பழுது பார்க்கிறவர் ஒருவரிடம் போனோம். அந்தக் காலத்தில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஆன்டெனா கட்டியவர். ஒயரை மீட்டரில் வைத்துப் பார்த்தார், பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“ஆன்டெனா நல்லாத்தான் இருக்குங்க. இங்கிட்டு பேசுறது யாருங்க?”

மச்சினனுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அந்த ஊரில் ரோட்டைக் கவனிக்கிறவர்கள் உட்கார்ந்து சேதி அனுப்புகிறார்கள், அதனால் பெட்டி பிடிக்கிறது. இங்கே அப்படி யாரும் அனுப்புவதாக அவர் கேள்விப்படவில்லை. “காத வேணும்னா கூர்மையாக்கித் தாரேன். பேச ஆளுக்கு நான் எங்க போவேன்?”

எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. மச்சினனுக்கு அவமானமாகப் பட்டது. “இவருக்கு டெக்னாலஜி தெரியல மச்சான்” என்று வெளியே வந்தவன், கடைத்தெருவில் மூன்று முழம் செம்புக் கம்பி வாங்கி ஒயரோடு முறுக்கி, கதவு இடுக்கு வழியாக வெளியே விட்டுக் கார் கூரைமேல் நிறுத்தினான். மறுநாள் காலையில் அதில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். குறுக்கே என் தங்கை வீட்டுக் காதணி விழா வந்தது.

தங்கையைக் கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். சீர் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மன்னிப்பார்கள், மடி இல்லாவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். மூத்த பையனுக்குக் குத்தியபோது எங்கள் ஆபீஸில் ஆடிட் என்று நான் போகவில்லை. பையனைப் பெரியப்பன் மடியில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், “ஒங்க அண்ணனுக்கு மடி இருக்கா இல்லையா?” என்று யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாளாம். ஆறு வருடமாகத் தங்கை காதில் அது விழுந்துகொண்டிருக்கிறது. இப்போது அவளுடைய நாலு வயது மகளுக்குக் காது குத்து.

அழைக்க வந்தபோது பத்திரிகைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள். “அண்ணே, ஒம்பதரையிலேர்ந்து பத்தரைக்குள்ள குத்தணும். இந்தத் தடவையும் நீங்க வரலேன்னா, எனக்குப் பொறந்த வீடு இல்லேன்னு நெனச்சுக்கிறேன்.”

“நான் எட்டு மணிக்கே கெளம்பிருவேம்மா” என்றேன். கிளம்பவும் செய்தேன், அதில் பொய் இல்லை.

சீர்த் தட்டுகளோடு மனைவியும் சொந்தக்காரர்களும் ஏழரைக்கே வேனில் போய்விட்டார்கள். நானும் வேனில் ஏறியிருக்கலாம். தாய்மாமன் தனிக் காரில் வந்து இறங்க வேண்டும் என்ற வீறாப்பு எனக்கு. பெட்டியை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வீறாப்பு மச்சினனுக்கு. நான் ஓட்ட, அவன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் அவன் போட்ட கூச்சலில் நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். புள்ளி பச்சையாகியிருந்தது! ஏதோ ஒரு எஃப்எம் ஸ்டேஷனைக் கம்பி பிடித்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது தெய்வ தரிசனம். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. முன்னால் தடை எதுவும் இல்லை. பத்து நாள் பட்ட பாட்டுக்கு அவன் கண்ணே கலங்கிவிட்டது.

ஆலங்குடி வருவதற்குள் என் போன் அடித்தது. பெட்டி கர்ரென்று இரைந்து, பச்சை போய்ச் சாம்பல் வந்தது.

“மச்சான், போன் அலை இதக் கெடுக்குது. ஆஃப் பண்ணிருங்க!”

“தங்கச்சிடா.”

“எங்க வாரீங்கன்னு கேக்கத்தான் கூப்புடுவாக. நாம நேர்லதான போறோம்.”

அவன்மீது முழுப் பழியையும் போட்டால் என் நாக்கு அழுகிவிடும். காலையிலிருந்து அவள் நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். குளிச்சாச்சா, கெளம்பியாச்சா, பாப்பாவுக்குத் தோடு எடுத்து வச்சாச்சா. எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. எடுக்காமலேயே போனை அணைத்து நீட்டினேன். அவன் தன்னுடையதையும் அணைத்து, இரண்டையும் உள்ளறையில் பிள்ளையாருக்குத் துணையாகப் போட்டு மூடினான். புள்ளி மறுபடி பச்சையாயிற்று.

கீரமங்கலத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது, கம்மாய்க்கரைப் பாதை பிரிகிற இடத்தில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டுக்கே வந்து இரண்டு கையையும் ஆட்டினார். ஏசிக்காகக் கண்ணாடி ஏற்றியிருந்ததால் என்ன கத்துகிறார் என்று கேட்கவில்லை.

“லிப்ட் கேக்குறாரு மச்சான். நிப்பாட்டாதீங்க, லேட்டாயிரும்.”

ஒதுங்கிப் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தபோதும் அவர் கையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார்.

அடுத்த வளைவில் மேளச் சத்தம் கேட்டது. அம்மன் கோவிலுக்குப் பால்குடம். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் ரோடு கொள்ளாமல் தலையில் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். வெறுங்காலுக்காகத் தண்ணி லாரி ஒன்று ரோட்டை நனைத்தபடி முன்னால் ஊர்ந்தது. எங்களுக்குப் பின்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு நெல் லாரியும் வந்து ஒட்டி நின்றன. மணி ஒன்பது பத்து.

பெட்டி சொன்னது: முன்னால் தடை எதுவும் இல்லை. போய்ச் சேர இன்னும் பதினொரு நிமிடம்.

ஒன்பதரைக்கும் பதினொரு நிமிடம் என்றது. பத்துக்கும் பதினொரு நிமிடம் என்றது. நடுவில் நான் கதவைத் திறந்து, “நடந்தே போயிர்றேன் மாப்ள” என்றேன். “பதினோரு நிமிசம்தான் மச்சான், வேர்த்துப் போயி சபையில நிப்பீங்களா?” என்றான். பட்டுச் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்ததற்குத்தான் இன்றுவரை என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. கண்ணுக்கு எதிரே ஊரே நடந்துகொண்டிருக்கிறது, நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து இருபதுக்கு உள்ளறையைத் திறந்து போனை எடுத்தேன். உயிர் வந்ததும் அது நிறுத்தாமல் கத்தியது. தங்கை கூப்பிட்டது, மனைவி கூப்பிட்டது, மறுபடி தங்கை, தங்கை, தங்கை. நடுவில் ஒரு குரல் பதிவு.

“அண்ணே, மெயின் ரோட்டுல பால்குடம் வருதாம். வேன கம்மாக்கரை வழியா வரச் சொல்லிட்டோம். ஒங்களுக்குப் போன் போகல. எங்க கொழுந்தனாரு பைக்குல வந்து முக்குல நிக்கிறாரு. கையக் காட்டுவாரு, திரும்பிருங்கண்ணே.”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். தங்கைக்குப் போட்டேன், மனைவி எடுத்தாள்.

“இப்பத்தான் உக்கார்றா. நீங்க மெதுவா வாங்க” என்று வைத்துவிட்டாள்.

மண்டபத்து வாசலில் என் முகம் முதல் நாளே வந்து சேர்ந்திருந்தது. பத்தடி பிளக்ஸில் கை கூப்பியபடி ‘தாய்மாமன்’ என்ற எழுத்துக்கு மேல் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன். அதன் கீழே நுழைந்தபோது பந்தியில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். குழந்தை அழுது ஓய்ந்து, வாயில் சர்க்கரையோடு விக்கிக்கொண்டிருந்தாள். ஆசாரி வைத்திருந்த மெல்லிய கம்பி காதில் கிடந்தது. நான் கொண்டுவந்த தோடு என் பையில் இருந்தது.

நடந்ததை மனைவிதான் சொன்னாள். பத்து இருபதுவரை தங்கை குத்தவிடவில்லை. பெரியப்பன் மடியை விரித்துக்கொண்டு வந்தாராம், வேண்டாம் என்றாளாம். வேனில் வந்த எங்கள் பங்காளி ஒருவர் வந்தாராம், அவரையும் வேண்டாம் என்றாளாம். நேரம் முடியப்போகிறது, தாய்மாமன் எங்கே என்று சபையில் கேட்டிருக்கிறார்கள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே மணையில் உட்கார்ந்து மகளை மடியில் வாங்கிக்கொண்டாளாம். “மாமனும் நான்தான். குத்துங்க.”

நான் அவள் முன்னால் போய் நின்றேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“வாங்கண்ணே. பசியா இருப்பீங்க, மொதல்ல சாப்புடுங்க” என்றாள். வெளியூர் விருந்தாளியிடம் பேசுகிற குரல்.

பெட்டியை மச்சினனே கழற்றிக்கொண்டு போய்விட்டான். பிள்ளையார் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். நான் இப்போது போனை அணைப்பதே இல்லை. குளிக்கும்போதுகூடச் சத்தம் கேட்கிற மாதிரி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள்கிறேன். நான் கூப்பிட்டால் தங்கை எடுக்கிறாள். நல்லா இருக்கோம்ணே, பிள்ளைக நல்லா இருக்கு என்கிறாள், வைத்துவிடுகிறாள். அவளாக ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். சிக்னல் முழுசாகத்தான் இருக்கிறது.