புதன்கிழமை விரதம்

போன புதன்கிழமை பழனியாண்டவரை ஒரு வம்பில் மாட்டிவிட்டேன். அவர் பாட்டுக்கு மலைமேல் நின்றுகொண்டிருந்தார். நான்தான் அவரைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றினேன்.

மகள் செல்வி லீவுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு வடக்கே ஓர் இரும்பாலையில் வேலை. ஊர்ப்பக்கம் வருவதே அபூர்வம். வந்தாலும் பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு என்று சுற்றவே நாள் சரியாகிவிடும். மறுநாள் விடிந்தால் ரயில். மிச்சம் இருந்தது அந்த ஒரு பகல்தான். காலையில் சின்னாளப்பட்டியில் சேலை, மதியம் திண்டுக்கல்லில் பிரியாணி... இதுதான் திட்டம்.

பிரியாணி மாப்பிள்ளையின் ஆசை. சாதாரண ஆசையா அது? "அங்க பிரியாணின்னு சொல்லி நீட்ட நீட்டமா ஒரு அரிசியப் போட்டுக் குடுக்குறான். சீரகச்சம்பா வாசத்துக்கு எங்க போறது?" என்று வந்த நாளிலிருந்து செல்வியிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

செல்வியிடம்தான். என்னிடம் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நானும் அவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையா? சேச்சே, மரியாதை! எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் அப்படித்தான். அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் எனக்குத் தட்டு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். இப்போதைக்கு அந்த ஆள் பேத்தி மீனா. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

சின்னாளப்பட்டியில் சேலைக் கடைக்குள் நுழைந்ததுமே அவளுக்கு வேலை வந்துவிட்டது.

"மீனா, ஒங்கப்பா வெயில்ல நிக்கிறாக பாரு. ஃபேனுக்கு அடியில வந்து உக்காரச் சொல்லு" என்றேன்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு மாப்பிள்ளை, "மீனா, பரவாயில்லன்னு அம்மாச்சிகிட்டச் சொல்லு" என்றார்.

மீனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதான் ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?"

கடைக்காரர் சேலையை உதறியபடியே சிரித்தார். "சம்பளம் இல்லாம புள்ள எம்புட்டு வேலதான் பாக்கும், தாயி!"

செல்வி கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி இறைத்த சுங்குடி ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. எடுக்கச் சொன்னேன். எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த ஓட்டல்ல ஃபேமிலி ரூம் இருக்கும்மா. திரை போட்டு ஒரே டேபிள். நீயும் நானும் ஒரு பக்கம், அவுகளும் மீனாவும் எதிர்க்க."

எதிர்க்கவா!

மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, கறியைக் கடித்து இழுத்து... எதிரே வேண்டாம், பக்கத்தில் உட்காரலாமே என்பீர்கள். ஒரே பெஞ்சில் மாமியாரும் மருமகனுமா? அது அதைவிட மோசம்.

"எனக்கு இன்னைக்கு விரதம்டி." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"புதன்கெழமை யாருக்கும்மா விரதம்?"

"பழனியாண்டவருக்கு."

"முருகனுக்குச் செவ்வாய்தானே?"

"நேத்து விட்டுப்போச்சு. அதுக்கு ஈடு."

"அப்ப காலையில இட்லி சாப்ட்டியே?"

"பலகாரம் திங்கலாம்டி. சோறும் கறியுந்தான் ஆகாது. சாமி விசயத்துல என்னடி இம்புட்டுக் கேள்வி?"

செல்வி சேலையைப் பையில் திணித்தாள். நானும் தப்பித்தேன் என்று நினைத்தேன். அவர்கள் சாப்பிடட்டும், நான் ஓட்டல் வாசலில் ஓரமாக நின்றுகொள்வேன். யாருக்கு என்ன நஷ்டம்?

திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தத் தெருமுனையில் திரும்பினோமோ இல்லையோ, வாசனை வந்து மூக்கைப் பிடித்தது. நெய்யும் பட்டையும் ஆட்டுக்கறியும்... எனக்கே நாக்கில் தண்ணீர் ஊறிவிட்டது. மீனா முன்னால் ஓடினாள். கல்லாவில் இருந்தவர், "சீக்கிரம் வாங்க, அண்டா அடி தட்டப் போகுது!" என்று கூப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

"செல்வி, அத்தை விரதமா இருக்கையில நாம மட்டும் கறி திங்கிறது மொறையில்ல. சைவ ஓட்டலுக்குப் போவோம். அவுகளுக்குப் பாலும் பழமுமாவது கிடைக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மீனா, ஒங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு. நான் இங்கனயே செத்த நேரம் நிக்கிறேன்."

"பெரியவங்கள வெயில்ல நிக்க வச்சிட்டு எனக்கு எறங்குமா? வேணாம்னு சொல்லு மீனா."

மீனா எதையும் சொல்லவில்லை. ஓவென்று அழுதாள்.

சைவ ஓட்டலுக்கு நடந்தோம். செல்வி என் காதோரம் வந்து பல்லைக் கடித்தாள். "எம்புட்டு நாளா ஆசப்பட்டுக்கிட்டு இருந்தாருன்னு ஒனக்குத் தெரியாது. நாளைக்கு ரயில் ஏறிட்டா இனி எந்த வருசமோ! இன்னைக்குன்னு பாத்தா வந்துச்சு ஒன் விரதம்?"



உட்கார்ந்தோம். அவர்கள் ஒரு டேபிள், நான் தள்ளி இன்னொரு டேபிள். இலை போட்டார்கள். மாப்பிள்ளை தண்ணீர் தெளித்து, இலையைத் துடைத்து, அந்த வெறும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பண்டிகைக்குப் புதுச்சட்டை கிடைக்காத பிள்ளை, 'பரவால்லம்மா' என்று சொல்லுமே, அந்த முகம். சோற்று வாளியோடு சர்வர் எங்களை நோக்கி வந்தார். சோறு இலையில் விழுந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க முடியாது. அன்னத்தை அவமதித்ததாகிவிடும்.

மீனாவைத் தேடினேன். அவள் கை கழுவப் போயிருந்தாள்.

"மாப்ள, எந்திரிங்க!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, ஸ்கூலில் வாத்தியார் கூப்பிட்ட மாதிரி எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்கு எதிர்க்க உக்காந்து திங்க வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன். பழனியாண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வாங்க, அண்டா தீர்றதுக்குள்ள போயிருவோம்."

செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சர்வர் வாளியோடு அப்படியே நின்றார்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். பிறகு, அவரும் நேராக என்னிடமே சொன்னார்.

"அத்தை... எனக்கும் வெக்கந்தான். கல்யாணம் ஆனதுலருந்து உங்க வீட்டுல நல்லி எலும்ப உறிஞ்சாம அப்படியே வச்சிட்டுப் போறேன். அடுப்படியில உங்களுக்குச் சத்தம் கேக்குமேன்னு."

அட ராமா! அந்த எலும்புகளை இலையில் பார்த்துப் பார்த்து, என் குழம்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எத்தனை தடவை மனசு சங்கடப்பட்டிருக்கிறேன்! செல்வியிடம் கேட்கவும் கூச்சம்.

"இலை போட்டப்புறம் எந்திரிக்கலாமா, தாயி?" என்று சர்வர் இழுத்தார்.

"சோறு இன்னும் விழலப்பா" என்றேன். இப்போது யாரைப் பார்த்தும் பேச்சு வந்தது.

கல்லாவிலிருந்த முதலாளி கையை வீசினார். "விடுறா, போகட்டும். அந்த வாசனைக்கு முன்னால நம்ம சாம்பாரு என்ன செய்யும்?"

நடக்கவில்லை, மீனாவையும் இழுத்துக்கொண்டு ஓடினோம். அண்டாவின் அடியில் நாங்கள் சாப்பிடும் அளவுக்கு இருந்தது. அடிப் பிரியாணிக்குத் தனி ருசி என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதே ஃபேமிலி ரூம், அதே டேபிள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். முதல் வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டுதான் தின்றேன், உண்மைதான். மாப்பிள்ளை ஒரு நல்லி எலும்பை எடுத்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், இலையில் தட்டினார், உறிஞ்சினார் பாருங்கள்... தெருவுக்கே கேட்டிருக்கும். அப்புறம் எனக்கும் ஒரு தடையும் இல்லை. என் இலையில் கிடந்த நல்லியை நானும் தட்டினேன்.

யோசித்துப் பார்க்கிறேன். நாம் மரியாதை என்று சொல்லிக்கொள்வதில் பாதி வெட்கம். கால்வாசி, அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்கிற பயம். மிச்சம் இருக்கிற கால்வாசி மட்டும்தான் நிஜ மரியாதை. அதை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? நான் வைத்துக்கொண்டேன். அவரை இன்னமும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்கிறேன். ஆனால் இப்போது போனில்கூட அவரிடமே சொல்கிறேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது மாப்பிள்ளை பல்குச்சியை என் பக்கம் நகர்த்தினார். எடுத்து, அவருக்கு முன்னாலேயே பல் குத்தினேன் – இதற்குமேல் நெருங்கின சொந்தம் உலகத்தில் உண்டா என்ன?