சீக்குக்கு வாங்கிய ஆப்பிள்

சர்க்கரை இளகி, பொன்னிறம் தாண்டிப் பழுப்பேறும்போது லேசான கசப்பு வாசனை வரும். அதோடு ஆப்பிளின் புளிப்புச் சாறும் சேர்ந்து வேகும் மணம் ஊரில் யாருக்கும் நாக்கில் நீர் வரவழைக்கும், எனக்கு மட்டும் ஆகாது.

அப்போது நாங்கள் மூங்கில்துறைப்பட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. எங்கள் பக்கத்தில் ஆப்பிள் என்பது நோயாளிகளின் பழம். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வாங்குவார்கள், நல்ல உடம்போடு திரிகிற பிள்ளை கேட்டால், "இன்னா, சீக்கா ஒனக்கு?" என்று திட்டு விழும்.

அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, கல்வராயன் மலையில் டீச்சர். பயிற்சி விடுதியில் கற்றுவந்த வித்தை ஒன்று அவளிடம் இருந்தது. இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் காயவைத்து, அதன்மேல் கிண்ணத்தை இறக்கி, மூடியின் மேலும் தணலைக் கொட்டி, கொய்யாப்பழத்தைச் சர்க்கரையில் சுட்டுத் தருவாள். "ஆப்புளு கெடைக்கட்டும், அப்ப பாருங்கடி" என்பாள்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு மலையிறங்கி வந்தவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் பார்க்கப் போவதற்காக அப்பா நான்கு ஆப்பிள் வாங்கி வந்தார். விடிந்து பார்த்தால் இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் நின்றுபோனது.

கூடையிலிருந்த பழங்களை நானும் தங்கையும் போய்ப்போய் மோந்து பார்த்தோம். மூன்றாம் நாள் ஒன்றில் கறுப்புப் புள்ளி விழுந்தது. சாலை இன்னும் ஒருநாள் திறக்கக் கூடாது என்று பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டு வேண்டிக்கொண்டேன். ஆப்பிளுக்காகத்தான். சித்தியின் முகம் அப்போது நினைவுக்கே வரவில்லை.

நாலாம் நாள் அப்பா, "அழுவிப் போறதுக்குப் புள்ளைங்களாவது துன்னட்டும்" என்றார்.

"சீக்காளிக்கு வாங்குனத நாம துன்னக் கூடாதுங்க" என்று அம்மா இழுத்தாள். பிறகு அவளே சட்டியில் மணலைக் கொட்டினாள். பழத்தின் நடுவைக் குடைந்து சர்க்கரையும் நெய்யும் அடைத்துச் சித்தி செய்கிறபடியே சுட்டாள். தோல் வெடித்து, பாகு கிண்ணத்தடியில் பிசுபிசுத்தது. விரல் சுடச்சுட வழித்து நக்கினோம். அம்மாவும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ஒங்க சித்தி வரட்டும், என்ன வுட்டுட்டுத் துன்னீங்களான்னு சண்டைக்கி வருவா" என்று சிரித்தாள்.

மறுநாள் சித்தியோடு வேலைபார்த்த வாத்தியார் ஒருவர் வந்தார், விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்தின் மேலும் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கி. முந்தின நாள் காலையிலேயே சித்தி போய்விட்டாளாம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று அவர் நினைத்திருப்பார்.

இன்று அந்தச் சாலை அகலமாகிவிட்டது, புளியமர நிழல் இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வருஷம் முழுக்கத் தள்ளுவண்டியில் ஆப்பிள் குவிந்து கிடக்கிறது. உடம்பு சரியில்லாதவர்கள்தான் வாங்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. போன மாதம் என் மகள் வீட்டு ஓவனில் ஆப்பிள் சுட்டாள். அம்மா தட்டைத் தொடவில்லை. இத்தனை வருஷம் ஒளித்துவைத்த வேண்டுதலை அன்றுதான் அவளிடம் சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"கொழந்த வேண்டிக்கினா சாமி ரோட்ட மூடிடுமா?" என்றாள் அம்மா. "அந்த வாத்தியாரு மரத்தத் தாண்டித் தாண்டி வந்தாரு இல்ல? நாங்களும் அப்பிடிப் போயிருக்கலாம். பஸ்ஸு வுடட்டும்னு குந்திக்கினு இருந்துட்டேன்டி."